போலீஸ் கம்ப்யூட்டரில் நமக்கும் ஒரு ஜன்னல் வேண்டும்

(மும்பையில் நடந்த சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்துக்குப் ‘போலீசும் கம்ப்யூட்டரும்’ என்று தலைப்பு அறிவித்தவுடன் நம்மில் சிலர் கேட்டார்கள்: “கூலி, குடியிருப்பு, ரேஷன் கார்டு என்று பேசும் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?” நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம்.

பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்த மனிதனுக்கு ஊரில் இருந்த சாட்சிகள் இங்கே இல்லை. ஊரில் நாம் யார், யார் மகன், எந்தத் தெரு என்பது தலையாரிக்கும் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும். இங்கே தாராவியிலும் மாட்டுங்காவிலும் சயானிலும் நாம் யார் என்று சொல்வது காகிதம்தான். இப்போது காகிதத்தின் இடத்தையும் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. அதில் என்ன பதிவாகியிருக்கிறதோ அதுவே நாம் என்று ஆகிவிட்டது. அதில் தவறான வரி ஒன்று ஏறிவிட்டால் மறுத்துச் சொல்ல நம்மிடம் ஆள் பலம் கிடையாது. நம் புகார் அதில் ஏறாமல் போனால் அப்படி ஒரு திருட்டே நடக்கவில்லை என்று பொருள். ஆகவே போலீஸ் ஸ்டேஷன் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் நம்முடைய பிரச்சினைதான்.

நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. போலீசாருக்குக் கம்ப்யூட்டர் தேவை. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் போலீசார் நம்மைப் பார்ப்பதற்கு வழி வைத்தவர்கள், நம் பெயருள்ள வரியை நாம் பார்ப்பதற்கும், தவறு இருந்தால் திருத்தச் சொல்வதற்கும் ஒரு வழி வைக்க வேண்டும். அந்த ஜன்னலைக் கேட்பதுதான் நம் கோரிக்கை.

ரயில்வேயில் பார்த்தது

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. ஒரு காலத்தில் ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பது எப்படி இருந்தது என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பெரிய பெரிய பேரேடுகள். வண்டிக்கு ஒரு கவுண்டர். இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் நாளைக்கு. 1985 இல் தில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. 1999 இல் நாட்டின் முன்பதிவு மையங்கள் ஒன்றோடு ஒன்று இணைக்கப்பட்டன. தாதரில் நின்றுகொண்டு, நாகர்கோவிலிலிருந்து திரும்புவதற்கும் டிக்கெட் எடுக்கலாம் என்ற நிலை வந்தது.

இதில் பயணிக்கு மிகவும் உதவியது பத்து இலக்கமுள்ள பி.என்.ஆர். எண்தான். அந்த எண் பயணியின் கையில் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் நேற்று 40, இன்று 12 என்று அவரே பார்த்துக்கொள்கிறார். எங்களைக் கெஞ்ச வேண்டியதில்லை. கவுண்டரில் இருப்பவர் யாருக்கும் தெரியாமல் அவரைப் பின்னுக்குத் தள்ளிவிடவும் முடியாது. இயந்திரம் வந்ததால் மட்டும் நேர்மை வந்துவிடவில்லை. இயந்திரத்தில் இருப்பதைப் பயணியும் பார்க்கலாம் என்று வைத்ததால்தான் நேர்மை கொஞ்சம் வந்தது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குள் போவோம்.

போலீசுக்குள் வந்த வலை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் என்ற மத்திய அமைப்பு 1986 இல் ஏற்பட்டது. என்றாலும் வெகு காலம் ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் பேரேட்டோடு தனித்தீவாகவே இருந்தது. 2008 நவம்பர் 26 அன்று இந்த நகரில் நடந்த தாக்குதலை நாம் மறக்க முடியாது. சி.எஸ்.டி. நிலையத்தில் மட்டும் 50 பேருக்கு மேல் மாண்டார்கள். ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்த ஏழை எளிய மக்கள் அவர்களில் பலர். ஒரு மாநிலப் போலீசுக்குத் தெரிந்தது இன்னொரு மாநிலத்துக்குத் தெரிவதில்லை என்ற குறை அதற்குப் பின் பெரிதாகப் பேசப்பட்டது. 2009 ஜூனில் மத்திய அரசு 2,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. அதுதான் சி.சி.டி.என்.எஸ்.; குற்றங்களையும் குற்றவாளிகளையும் தொடர்ந்து கண்டறிவதற்கான வலையமைப்பு. இன்று நாடு முழுவதும் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவல் நிலையங்கள் அதில் இருக்கின்றன.

இதனால் நன்மை இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். காணாமற்போன குழந்தையின் படம் ஒரு மாநிலத்தில் ஏறினால் இன்னொரு மாநிலத்தில் தெரிய வேண்டும். வழி தவறியும் வீட்டைவிட்டு ஓடியும் வந்து நடைமேடையில் நிற்கும் பிள்ளைகளில், 2018 முதல் 2024 மே வரை 84 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ரயில்வே பாதுகாப்புப் படை மீட்டிருக்கிறது. அந்தப் பிள்ளை எந்த ஊர் என்று கண்டுபிடித்து வீட்டில் சேர்க்க ஸ்டேஷன்களுக்கு இடையே தொடர்பு வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு.

சட்டமும் நமக்குச் சாதகமாகவே நகர்ந்திருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பதிவான அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 இல் அதே நீதிமன்றம் சொன்னது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 173ஆம் பிரிவில் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். வாயால் சொல்லலாம். மின்னணு வழியாகவும் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் உடனே கொடுக்க வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 193ஆம் பிரிவு கூறுகிறது.

ஊருக்குப் போகும் வழியில் பெட்டி திருட்டுப் போனவருக்கு இதன் அருமை தெரியும். சோலாப்பூரில் காணாமற்போனதா, குண்டக்கல்லில் காணாமற்போனதா என்று எல்லை பிரிக்கும் தகராறில் மனிதன் வெறுத்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவான். இன்று அப்படிப் போக வேண்டியதில்லை. ஓடும் வண்டியிலேயே டிக்கெட் பரிசோதகரிடமோ பாதுகாப்புக்கு வரும் போலீசாரிடமோ புகார்ப் படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். 139 என்ற எண்ணுக்கும் சொல்லலாம்.

வாசலில் நடப்பது என்ன?

சட்டம் இவ்வளவு சொல்லியும், வாசலில் நடப்பது வேறு. சைக்கிளில் இட்லி விற்கும் நம் ஆள் ஒருவரின் செல்போன் பறிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் போன்தான் அவருடைய பணப்பெட்டி. வாடிக்கையாளர் கொடுப்பதும் அதில்தான், ஊருக்கு அனுப்புவதும் அதில்தான். ஸ்டேஷனுக்குப் போனால், “பறித்தார்களா, தொலைந்ததா?” என்று கேட்பார்கள். “தொலைந்தது என்று எழுதினால் இப்போதே சான்று கிடைக்கும், பறித்தார்கள் என்றால் நாலு தரம் அலைய வேண்டும்” என்பார்கள். காலை வியாபாரம் கெட்டுவிடுமே என்று அவர் தொலைந்தது என்றே எழுதிக் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டரின் கணக்கில் அங்கே திருட்டு நடக்கவில்லை. எத்தனை கோடிக்கு இயந்திரம் வாங்கினாலும், உள்ளே போகும் வரி பொய்யாக இருந்தால் வெளியே வரும் கணக்கும் பொய்தான். அந்தப் பகுதிக்கு ரோந்து வேண்டாம் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

மொழியையும் சொல்ல வேண்டும். இது மராட்டிய மண். இங்கே நிர்வாகம் மராட்டியில் நடப்பது முறைதான். நம் பிள்ளைகள் மராட்டி படிக்கிறார்கள், படிக்கட்டும். ஆனால் நேற்று வந்திறங்கிய ஒரு சித்தாளோ, முப்பது ஆண்டு இருந்தும் எழுத்தறியாத ஒரு தாயோ, தான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறதா என்று அறியாமலே கைநாட்டு வைக்கிறார். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். புரியாத மொழியில் வாசித்தால் அது வாசித்ததாகுமா? உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை மொழிபெயர்க்க 2019 முதல் ‘சுவாஸ்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறது. தமிழும் அதில் உண்டு. தீர்ப்பையே பெயர்க்க முடிகிற இயந்திரத்துக்கு ஒரு பக்கப் புகாரைப் பெயர்க்க முடியாதா? பெயர்ப்பில் பிழை வரலாம். மூலமே செல்லும் என்று குறிப்புப் போட்டுக் கொடுக்கட்டும். நகலோடு இணைத்து ஒரு தமிழ்த் தாள் வந்தால், என்ன எழுதியிருக்கிறது என்றாவது தெரியும்.

முருகன் எந்த முருகன்?

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. அது பெயர். ஊரில் எஸ். முருகன் என்றால் சுப்பையா மகன் முருகன், முடிந்தது. இங்கே பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் முருகன் எஸ்., ரேஷன் கார்டில் முருகன் சுப்பையா, பான் கார்டில் சுப்பையா முருகன் என்று ஒரே மனிதன் மூன்று மனிதனாகிவிடுகிறான். செத்துப்போன சுப்பையாவும் சில பதிவுகளில் உயிரோடு வந்து நிற்கிறார்.

டிக்கெட்டில் இப்படி வந்தால் பரிசோதகரிடம் விளக்கிவிடலாம். போலீஸ் பதிவில் வந்தால்? கம்ப்யூட்டரில் முருகன் என்று தேடினால் எத்தனை முருகன் வரும் என்று நினைத்துப் பாருங்கள். பெயரும் வயதும் ஒத்துப்போனால் அடுத்த தெரு முருகனின் வழக்கு இந்த முருகனின் தலையில் விழ இடம் உண்டு. வேலைக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்கும் காலம் இது. செக்யூரிட்டி வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போகும் நம் பையன்களுக்கு அந்த ஒரு வரி சோற்றில் விழும் மண். ஆகவே பதிவேற்றும் படிவம் நம் பெயர் வழக்கத்தையும் ஏற்க வேண்டும். குடும்பப் பெயர் இல்லை என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். அதிகச் செலவு பிடிக்கும் காரியம் அல்ல இது.

சிறை வாசலில் ஒரு எழுத்து

பெயரிலும் எண்ணிலும் வரும் பிழை ஒருவனுடைய விடுதலையையே தடுத்துவிடும். உத்தரப் பிரதேசத்தில் ஒருவருக்கு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. ஆனால் உத்தரவில் சட்டப் பிரிவின் ஓர் உட்பிரிவு எண் விடுபட்டிருந்தது என்று சொல்லி, விடுதலை உத்தரவு வந்த பிறகும் 28 நாள் அவரைச் சிறையிலேயே வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, அவருக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனதால் விஷயம் வெளியே வந்தது. போக முடியாதவர்களின் நாள் கணக்கை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

ஜாமீன் உத்தரவு தபாலில் வந்து சேரும்வரை ஆளை அடைத்துவைக்கும் கொடுமையைப் போக்க, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ‘ஃபாஸ்டர்’ என்ற மின்னணு ஏற்பாட்டைத் தொடங்கியது. 2023 ஜனவரி 31 அன்று இன்னொரு உத்தரவு போட்டது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஜாமீன் கிடைத்த தேதியைச் சிறைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏழு நாளில் அவர் வெளியே வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஆள்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதிக்கிறது. அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் விதிக்க வேண்டாம் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது.

இந்தக் கடைசி வரி நமக்கென்றே எழுதியது போல இருக்கிறது. இதன் வேர் 1978 இல் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்பதால் அவரை ஏற்க மறுத்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வழக்கில், இந்தியர் எவரும் இந்தியாவில் அந்நியர் அல்ல, வேறு மாவட்டம், வேறு மொழி என்று ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்ற கருத்தை நிலைநாட்டினார். சொந்த வீடும் நிலமும் ஊரில் இருக்க, இங்கே வாடகை அறையில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய துணை. ஊரில் உள்ள அண்ணனின் பட்டாவை இங்கிருந்தே இணையத்தில் சரிபார்க்க வசதி இருக்கும்போது, “உள்ளூர் ஆளைக் கொண்டு வா” என்று இன்னும் ஏன் சொல்ல வேண்டும்? வேகமாகக் கைது செய்ய உதவும் கம்ப்யூட்டர், அதே வேகத்தில் விடுதலை செய்யவும் உதவ வேண்டும்.

கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது?

தெருவுக்குத் தெரு கேமரா வந்துவிட்டது. நல்லது; சங்கிலி பறிப்பவனைப் பிடிக்கட்டும். ஆனால் ஸ்டேஷனுக்குள் இருக்கும் கேமரா வேலை செய்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

2020 ஜூனில் நம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், கேமராப் பதிவு நாள்தோறும் தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அறிக்கை கொடுத்தார். கேமரா இருந்தது, பதிவு இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், நடைபாதை என எல்லா இடத்திலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், 18 மாதம் பதிவைக் காக்க வேண்டும், அந்த வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. ஐந்து ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில், ராஜஸ்தானில் நடந்த காவல் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டு, கேமராக்கள் ஏன் இயங்கவில்லை என்று அதே நீதிமன்றம் தானாக வழக்கை எடுக்க வேண்டியிருந்தது. ஏழையை நோக்கும் கேமரா பழுதானால் அன்றே ஆள் வருகிறான்; அதிகாரியை நோக்கும் கேமரா பழுதானால் ஆண்டுக் கணக்கில் ஆள் வருவதில்லை.

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் கருவியும் வந்துவிட்டது. தில்லி போலீசார் காணாமற்போன குழந்தைகளைத் தேட என்று அதை வாங்கினார்கள். 2018 இல் அதன் துல்லியம் 2 சதவிகிதம்தான் என்று உயர் நீதிமன்றத்தில் அவர்களே சொல்ல நேர்ந்தது. பின்னர் அதே வகைக் கருவி கலவர வழக்குகளில் ஆட்களை அடையாளம் காணப் பயன்பட்டது. குழந்தையைத் தேட வாங்கியது கூட்டத்தைத் தேடவும் போகும் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இயந்திரம் காட்டும் முகத்தைத் துப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதுவே சாட்சி என்று சொல்ல விடக் கூடாது.

ரேகையின் வரலாறு நமக்குத் தெரியும்

உடல் அடையாளத்தை எடுத்துப் பதிந்துவைக்கும் முறை இந்த நாட்டிலேயே வளர்ந்த ஒன்று. 1858 இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி, சாலைக்குச் சரக்குத் தந்த ஒப்பந்தக்காரரிடம் முழுக் கையையும் மையில் தோய்த்து வாங்கினார். 1897 இல் கல்கத்தாவில் கைரேகைக் காப்பகம் தொடங்கியது. அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ் ஊழியர்களின் உழைப்பால் உருவான அந்த முறைக்கு அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியின் பெயர் நிலைத்தது.

அதே கைரேகையைக் குற்றப் பரம்பரைச் சட்டம் நம் மக்கள் மீது எப்படிப் பாய்ச்சியது என்பதை மதுரைச் சீமைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரேகைச் சட்டம் என்றே அதற்குப் பெயர். குற்றம் செய்தவனா இல்லையா என்று பாராமல், பிறந்த சாதியைப் பார்த்து ரேகை வைக்கச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947 இலும், நாடு முழுவதும் 1952 இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. பதிவேட்டில் பெயரை ஏற்றுவது எளிது, இறக்குவதற்கு ஒரு தலைமுறையே போராட வேண்டியிருந்தது என்பதை அதிலிருந்து நாம் அறிந்துகொண்டோம்.

இப்போது 2022 ஆகஸ்டு முதல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 1920 ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது இது. விரல் ரேகை, உள்ளங்கை, பாதம், கண், புகைப்படம், கையெழுத்து என்று பலவற்றையும் எடுக்கலாம். தண்டனை பெற்றவரிடம் மட்டும் அல்ல, கைதானவரிடமும் எடுக்கலாம். 75 ஆண்டு வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, மேல் முறையீடு எல்லாம் முடிந்து விடுதலையானாலோ, நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அவருடைய பதிவை அழிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் யார் போய்க் கேட்பது? வழக்கு முடிந்த மகிழ்ச்சியில் அவன் சித்தாள் வேலைக்கு நாக்காவில் போய் நிற்பான். விடுதலைத் தீர்ப்பு கம்ப்யூட்டரில் ஏறும்போதே அழிக்கும் வேலையும் தானாகத் தொடங்க வேண்டும். அழித்தாயிற்று என்று அவனுக்கு ஒரு தாள் வர வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னது பணக்காரனுக்கு மட்டும் அல்ல.

நாம் கேட்பது ஐந்து

ஒன்று: வாசலில் வைத்து வாய்ச்சொல்லால் திருப்பி அனுப்ப முடியாதபடி, புகார் சொல்ல வந்தவுடனே ஓர் எண். ரயில் டிக்கெட்டைப் போல அந்த எண்ணை வைத்து அவரே நிலையைப் பார்க்க வேண்டும். இரண்டு: அறிக்கை நகலோடு புகார்தாரரின் மொழியில் ஒரு தாள். மூன்று: நம் பெயர் வழக்கத்துக்கு இடம் தரும் படிவம், பிழை திருத்த ஒரு தேதிக் கெடு. நான்கு: நீதிமன்றம், சிறை, போலீஸ் மூன்றின் கம்ப்யூட்டரும் ஜாமீன் அன்றே பேசிக்கொள்ள வேண்டும். ஐந்து: ஸ்டேஷன் கேமராவின் பதிவு போலீசார் தொட முடியாத வேறோர் இடத்திலும் சேமிக்கப்பட வேண்டும், குற்றமற்றவன் என்று ஆனவனின் ரேகை கேட்காமலே அழிய வேண்டும்.

கேட்பதோடு நில்லாமல் நாமும் சில காரியங்களைச் செய்தாக வேண்டும். வீட்டுக்கு ஒரு நோட்டு வையுங்கள். செல்போனில் *#06# என்று அடித்தால் வரும் எண்ணை அதில் எழுதுங்கள். போன் போனால் அந்த எண்ணைக் கொடுத்து, 2023 முதல் நாடு முழுவதும் உள்ள ‘சஞ்சார் சாத்தி’ ஏற்பாட்டில் போனை முடக்கலாம். வங்கிப் பணத்தை ஏமாற்றி எடுத்தால் தாமதிக்காமல் 1930. ஆபத்து என்றால் 112. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சட்ட உதவிக்கு 15100. இந்த மூன்று எண்ணும் சுவரில் இருக்கட்டும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். மராட்டி படித்த நம் பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நகல் வாங்காமல் திரும்பாதீர்கள். ஸ்டேஷன் மறுத்தால் புகாரைத் தபாலில் உயர் அதிகாரிக்கு அனுப்பலாம். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. எழுதித் தர ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் சங்க அறையில் இரண்டு இளைஞர்கள் உட்காரத் தயாராக இருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் வேண்டும், குறிப்பாகப் பெண்கள் வேண்டும். தாய்மார்கள் தங்கள் குறையைப் பையன்களிடம் சொல்லத் தயங்குவார்கள் அல்லவா?

போலீசாரும் தொழிலாளிகள்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து தட்டச்சும் அடிக்கச் சொன்னால் அவர்களும் சலிப்பார்கள். போதிய ஆளும் பயிற்சியும் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் இறக்கிவைத்தால் அது தூசி படிந்துதான் கிடக்கும். ஆகவே அவர்களோடு நமக்குப் பகை இல்லை. நம் கேள்வி ஆட்சியாளர்களிடம்: மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டரில் மக்களுக்கு என்ன பங்கு?

இந்த ஐந்து கோரிக்கையையும் மராட்டியிலும் தமிழிலும் எழுதி, சட்டமன்ற உறுப்பினரிடமும் போலீஸ் ஆணையரிடமும் கொடுக்கக் கையெழுத்து வாங்கும் வேலை இன்றே தொடங்குகிறது. தாள் மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்துவிட்டு, புரியாததைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.